ரீச்சரிடம் கேளுங்கள்: மருந்துப் பைக்குள் கிடக்கும் உலோகங்கள்

போன இதழில் இரத்தத்தின் சிவப்புக்கு இரும்புதான் காரணம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இரும்பு, பிளாட்டினம், கோபாற்று என்று ஏதோ ஓர் உலோகம் எல்லார் வீட்டு மருந்துப் பைக்குள்ளும் கிடக்கிறது போல. ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்ற கேள்விகளுக்கு நான் பதில் எழுதமாட்டேன். அது உங்கள் டொக்டரின் வேலை. நான் இரசாயனவியல் படிப்பித்தவள். மருந்து ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

மகளுக்கு இப்போது ஆறாம் மாதம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைக் காலையில் பிளேன்ரீயோடு விழுங்குகிறாள். தேத்தண்ணியோடு குடிக்கக்கூடாது என்று மிட்வைஃப் சொல்கிறா. எங்கள் காலத்தில் நாங்கள் அப்படித்தானே குடித்தோம்?
– ஒரு தாய், சாவகச்சேரி

அம்மா, மிட்வைஃப் சொன்னதுதான் சரி. நம்பிக்கை வராவிட்டால் அடுக்களையிலேயே பார்த்துவிடலாம். ஒரு குளிசையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசித்து, மேல்பூச்சை எடுத்து எறிந்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கொஞ்சத் தண்ணீரில் கரையுங்கள். கண்ணாடிக் கிளாசில் பால் விடாத தேத்தண்ணி கொஞ்சம் எடுத்து, அதற்குள் இந்தக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். பொன்னிறமாக இருந்த தேத்தண்ணி மங்கிக் கலங்கும். கொஞ்ச நேரம் காற்றுப்பட வைத்தால் கருநீலமாகிவிடும். முந்திக் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் இது. அன்னபேதி என்பதும் பெரசு சல்பேற்றுத்தான், பல இரும்புக் குளிசைகளுக்குள் இருப்பதும் அதுதான். மகள் ஒவ்வொரு காலையும் வயிற்றுக்குள் மை காய்ச்சிக்கொண்டிருக்கிறா.

நடப்பது இதுதான். தேயிலைச் சாயத்தில் உள்ள பொலிபீனோல்களில் இரண்டு ஒட்சிசன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நண்டு இரண்டு கவ்வாலும் பிடிப்பது போல அவை இரும்பை இரு பக்கத்தாலும் பிடித்துக்கொள்ளும். இப்படி உலோகத்துக்கு இலத்திரன் சோடியைக் கொடுத்துப் பிடிக்கிற மூலக்கூறைத்தான் பாடப்புத்தகத்தில் இணையி என்கிறோம். பிடித்ததும் பிடிபட்டதும் சேர்ந்தால் சிக்கற்சேர்வை. தேயிலை பிடித்த இரும்பைக் குடல் உறிஞ்சாது. அப்படியே வெளியே போய்விடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், மரக்கறியிலும் தானியத்திலும் இருந்து கிடைக்கிற இரும்பு பாதிக்கும் மேல் வீணாகலாம்.

மீன், இறைச்சியில் உள்ள இரும்பின் கதை வேறு. அது ஏற்கெனவே ஈம் என்ற வளையத்தின் நடுவில், நான்கு நைதரசன்களின் பிடியில் இருக்கிறது. குடல் அதை வளையத்தோடு சேர்த்தே உள்ளே எடுக்கும். தேயிலைக்கு அங்கே கை வைக்க இடமில்லை. அதனால்தான் மச்சம் சாப்பிடுகிறவர்களைவிடச் சைவக்காரருக்குத் தேத்தண்ணி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. விற்றமின் சீ இரும்பைக் கரையக்கூடிய நிலையில் வைத்திருக்கும். கிளினிக்கில் விற்றமின் சீக் குளிசையும் சேர்த்துத் தருவது அதற்காகத்தான், சளிக்கு அல்ல. கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் குடிக்கச் சொல்லுங்கள். கல்சியமும் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பு. உங்கள் காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் காலத்தில் எத்தனை பேர் பிள்ளைப்பேற்றோடு வெளிறிப்போய்க் கிடந்தார்கள் என்று நீங்களே ஒருக்கா யோசித்துப் பாருங்கள்.

இவருக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறார்கள். அது நகை செய்கிற பிளாட்டினமாம் என்று அயலில் கதைக்கிறார்கள். உண்மையா? மருந்து கொஞ்சம்தான், ஆனால் முன்னும் பின்னும் பை பையாகச் சேலைன் ஏற்றுவது ஏன்?
– ஒரு மனைவி, சுன்னாகம்

உண்மைதான் தங்கச்சி. 100 மில்லிகிராம் சிஸ்பிளாட்டினில் 65 மில்லிகிராம் பிளாட்டினம். ஆனால் பிளாட்டின மோதிரத்தை வாழ்நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் ஒரு கலமும் சாகாது. வித்தியாசம் அந்த அணுவைச் சுற்றி நிற்கிறவர்களில் இருக்கிறது. சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் நடுவில். சதுரத்தின் நான்கு மூலையிலும் நான்கு பேர்: ஒரு பக்கத்தில் இரண்டு அமோனியா, மற்றப் பக்கத்தில் இரண்டு குளோரைட்டு. இதே நான்கு பேரும் ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் மூலையில் நின்றால் அதற்குப் பெயர் திரான்ஸ். நிறுத்தால் எடை ஒன்றுதான், புற்றுநோய்க்கு மட்டும் அது உதவாது.

சிஸ்பிளாட்டினை இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே செய்துவிட்டார். மருந்து என்று அப்போது யாரும் கனவிலும் நினைக்கவில்லை. 1893 இல் அல்பிரட் வேர்னர் அதன் வடிவத்தை விளக்கினார். சிக்கற்சேர்வைகள் பற்றிய வேலைக்காக 1913 இல் நோபல் பரிசு வாங்கிய அதே வேர்னர்தான். அதன்பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அது இரசாயனக்காரரின் அலுமாரியிலேயே கிடந்தது.

1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பானற் ரோசன்பேர்க் என்பவர், கலம் பிரிவதை மின்புலம் பாதிக்குமா என்று பார்க்க வெளிக்கிட்டார். பற்றீரியா வளரும் திரவத்துக்குள் இரண்டு பிளாட்டின மின்வாய்களை வைத்து மின்சாரம் ஓடவிட்டார். பிளாட்டினம் எதோடும் தாக்கம் புரியாது என்ற நம்பிக்கையில்தான் அதை எடுத்தது. பற்றீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டன. ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை, சாதாரண நீளத்தின் 300 மடங்கு வரை நூலாக நீண்டன. மின்சாரத்தின் வேலை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் விடவில்லை. தேடிப் பார்த்தபோது, மின்வாயிலிருந்து மிகக் கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து, திரவத்தில் இருந்த அமோனியம் குளோரைட்டோடு சேர்ந்து, பெய்ரோனேயின் சரக்கைப் போன்ற சேர்வைகளாக மாறியிருந்தது தெரிந்தது. 1965 இல் அந்தக் கட்டுரை வந்தது. பிரிவதை நிறுத்துகிற மருந்து புற்றுநோய்க்கு உதவும்தானே என்று எலிகளில் பார்த்தார்கள். 1978 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விதைப்பைப் புற்றுநோய் பரவிய இளைஞர்கள் அதற்குமுன் பெரும்பாலும் செத்துப்போனார்கள். இன்றைக்கு அவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

சரி, உங்கள் சேலைனுக்கு வருவோம். இரத்தத்தில் குளோரைட்டு நிறைய இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் சிஸ்பிளாட்டினின் குளோரைட்டுகள் இடம் விட்டு அசையாது. கலத்தினுள்ளே குளோரைட்டு பல மடங்கு குறைவு. அங்கே போனதும் அவை கழன்றுவிட, அந்த இடத்தில் தண்ணீர் வந்து ஒட்டும். இப்போதுதான் மருந்து விழித்துக்கொள்கிறது. தண்ணீரையும் தள்ளிவிட்டு டி.என்.ஏ.யில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு குவானீன்களின் நைதரசனைப் பிடிக்கும். டி.என்.ஏ. அந்த இடத்தில் வளைந்துபோகும். வளைந்ததைப் படியெடுக்க முடியாமல் கலம் செத்துப்போகும். திரான்ஸ் ஏன் உதவாது என்பதும் இங்கே விளங்கும். அதன் இரண்டு கைகளும் எதிரெதிர்ப் பக்கம், பக்கத்தில் நிற்கும் இருவரைச் சேர்த்துப் பிடிக்க எட்டாது.

இதே மருந்து சிறுநீரகத்திலும் போய்த் தேங்கி அங்குள்ள கலங்களைக் கெடுக்கும். அதனால்தான் முன்னும் பின்னும் சேலைன் ஏற்றிச் சிறுநீரை ஓடவிடுகிறார்கள். மருந்தையே உப்புச் சேலைனில்தான் கலப்பார்கள், குளோரைட்டு இல்லாத திரவத்தில் அது நிலைத்து நிற்காது. சிறுநீரகம் மக்னீசியத்தையும் கசியவிடும் என்பதால் சில பைகளில் அதையும் சேர்ப்பார்கள். இவருக்குச் சிறுநீர் குறைந்தால், காதில் இரைச்சல் கேட்டால், விரல் நுனி விறைத்தால், அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்காமல் உடனே சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சிஸ்பிளாட்டினில் காபன் என்று ஒரு அணுவும் கிடையாது. அதன் பிள்ளைகளில்தான் சேதன இணையிகள், அதாவது காபன் உள்ளவை, வருகின்றன. காபோபிளாட்டினில் இரண்டு குளோரைட்டுக்கும் பதிலாக ஒரே மூலக்கூறு இரண்டு கையாலும் பிடித்திருக்கும். அது கெதியாகக் கழராது, அதனால் சிறுநீரகத்துக்குப் பாதகமும் ஓங்காளமும் குறைவு. பதிலுக்கு இரத்தக் கலங்களைக் கூடுதலாகக் குறைக்கும். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஒக்சலிபிளாட்டினில் அமோனியாக்களின் இடத்தையும் ஒரு காபன் வளையம் பிடித்திருக்கிறது. அதை உப்புச் சேலைனில் கலக்கவே கூடாது, குளோரைட்டு உள்ளே புகுந்து மருந்தைக் குலைத்துவிடும். குளுக்கோசுத் திரவத்தில்தான் ஏற்றுவார்கள். என் மச்சாளுக்கு அதுதான் ஏற்றினார்கள். பிறிட்ஜ் கதவின் கைபிடியைத் தொட்டதும் கையில் மின்சாரம் அடித்தது போலக் கூசுகிறது என்று கையை உதறுவா. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் எல்லாரும் ஐஸ்கிறீம் குடிக்க, அவ மட்டும் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றா. ஒக்சலேற்றுப் பகுதி நரம்பின் அயன் வாய்களைக் குழப்புவதால் அப்படி என்று ஒரு விளக்கம் உண்டு. குளிர் பட்டதும் வருகிற அந்தக் கூச்சம் பெரும்பாலும் சில நாட்களில் தணியும். மருந்து பலமுறை ஏறிய பிறகு வருகிற விறைப்பு நிலைத்துவிடக்கூடியது, அதை மறைக்கக்கூடாது.

உயர்தரம் படிக்கிறேன். தண்ணீரின் வன்மை பார்க்க ஈ.டி.ரி.ஏ. வைத்து நியமிப்புச் செய்தோம். இது சோதனைக்குத் தவிர வாழ்க்கையில் எங்காவது பயன்படுமா?
– மாணவன், பருத்தித்துறை

தம்பி, கேள்வியின் தொனி விளங்குகிறது. நீர் கடைசியாக இரத்தம் சோதிக்கக் கொடுத்தபோது ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்தார்களா? அதன் உட்சுவரில் பூசியிருப்பது ஈ.டி.ரி.ஏ.தான். இரத்தம் உறைவதற்குக் கல்சியம் வேண்டும். ஈ.டி.ரி.ஏ. அதன் இரண்டு நைதரசனாலும் நான்கு ஒட்சிசனாலும், ஆறு பக்கத்தாலும் கல்சியத்தை வளைத்துப் பிடித்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்கும், கலங்களை ஆறுதலாக எண்ணலாம். உமது கிணற்றுத் தண்ணீரில் கல்சியத்தைப் பிடித்ததையே இரத்தத்திலும் செய்கிறது.

இனி உறுதி மாறிலியை, அதாவது பிடி எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் எண்ணைப் பாரும். மடக்கையில் கல்சியத்துக்கு ஏறத்தாழ 10.7, ஈயத்துக்கு 18. அதாவது ஈயத்தை ஒரு கோடி மடங்குக்கும் கூடுதலாக விரும்புகிறது. ஈயம் உடம்பில் ஏறியவருக்குக் கல்சியம் ஈ.டி.ரி.ஏ.யை ஏற்றினால், அது கல்சியத்தைக் கைவிட்டு ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியேறும். பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குகிற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது பாடப்புத்தகக் கதை அல்ல.

ஆனால் கவனியும், கல்சியம் ஈ.டி.ரி.ஏ.தான் கொடுக்க வேண்டும். வெறும் சோடிய உப்பைக் கொடுத்தால் அது இரத்தத்துக் கல்சியத்தையே பிடித்துவிடும், இதயம் நின்றுபோகும். இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி ஏற்றி உயிர் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. வினாத்தாளில் எதிரயனை எழுத மறந்தால் ஒரு புள்ளிதானே போகும் என்று நினைக்கிறீர் அல்லவா?

இரத்தக்குழாய் அடைப்பைச் சத்திரசிகிச்சை இல்லாமல் கரைக்கிறோம் என்று ஈ.டி.ரி.ஏ.யை ஏற்றுகிற விளம்பரங்களும் உண்டு. மாரடைப்பு வந்த சீனி வருத்தக்காரரில் பெரிதாகச் செய்து 2024 இல் வெளிவந்த ஆய்வில் உடம்பு ஈயம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. வீட்டில் யாராவது அதற்குக் காசு கட்ட வெளிக்கிட்டால் இதைச் சொல்லும்.

எங்கள் வீடு வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில். பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் பாவிக்கிறோம். போதும்தானே?
– ஓர் அம்மம்மா, வலிகாமம்

கிருமிக்குப் போதும், நைத்திரேற்றுக்குப் போதாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று மிஞ்சும். நீங்கள் அதைச் செறிவாக்குகிறீர்கள்.

எங்கள் நிலம் சுண்ணக்கல், மேலே மெல்லிய செம்மண். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கெதியாகக் கிணற்றுக்கு வந்துவிடும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது இந்த எல்லையைத் தாண்டுவதாக ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

நைத்திரேற்று உடம்புக்குள் நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமின் நடுவில் இருக்கிற இரும்பிடமிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துவிடும். இரும்பின் ஏற்றம் இரண்டிலிருந்து மூன்றாகும். வளையம் அப்படியே இருக்கும், இரும்பும் அங்கேயே இருக்கும், ஆனால் ஒட்சிசன் ஒட்டாது. அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிடும். பெரியவர்களின் உடம்பில் அதைத் திருத்த ஒரு நொதியம் இருக்கிறது. சிறு குழந்தையில் அது இன்னும் தேறவில்லை. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் சொக்கிளேற் நிறம். அப்படிக் கண்டால் பார்வை பார்க்கக் கொண்டுபோகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மெதிலீன் நீலம் என்ற சாயத்தை ஊசியாகப் போட்டு இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள்.

இப்போதைக்கு நைத்திரேற்று குறைவென்று தெரிந்த தண்ணீரில் மாப்பாலைக் கரையுங்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு முறை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள், கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை. பால் போதாது என்று சொன்னது யார்? மருத்துவத்தாதியா, அயலட்டையா? அதையும் ஒருக்கா விசாரியுங்கள்.

சுத்த சைவம், சீனி வருத்தத்துக்கு மெற்போமின் பாவிக்கிறேன். கால் விறைப்புக்கு பீ12 ஊசி போடுகிறார்கள். மருந்து இரத்தம் மாதிரிச் சிவப்பாக இருக்கிறது. மச்சம் ஏதும் கலந்திருக்குமா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்லூர்

ஐயா, அது இரத்தமும் அல்ல, மச்சமும் அல்ல. அந்தச் சிவப்பு கோபாற்று என்ற உலோகத்தால் வருவது. ஈமைப் போன்ற, ஆனால் கொஞ்சம் சிறிய வளையத்தின் நடுவில் இரும்புக்குப் பதிலாகக் கோபாற்று இருந்தால் அது பீ12. உடம்பில் அது வேலை செய்யும் வடிவங்களில் கோபாற்றும் காபனும் நேராகப் பிணைந்திருக்கும், உயிர்களில் இப்படி உலோகமும் காபனும் பிணைவது மிக அரிது. இந்தப் பெரிய மூலக்கூற்றின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டுபிடித்துச் சொன்னவர் டொரதி ஹொட்ச்கின், 1950களில். அதற்கும் பெனிசிலினுக்குமாக 1964 இல் நோபல் பரிசு. பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது நான் அவரில் அரை மணித்தியாலம் மினக்கெடுவேன், பாடத்திட்டம் முடியாவிட்டாலும்.

பீ12 ஐ மரமோ மிருகமோ செய்வதில்லை. பற்றீரியா மட்டும் செய்யும். ஊசி மருந்தையும் பற்றீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், உங்கள் விரதத்துக்குப் பங்கமில்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம். மரக்கறியில் கிடையாது, பாலிலும் தயிரிலும் கொஞ்சம் கிடைக்கும். மெற்போமின் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். சைவமும் மெற்போமினும் சேர்ந்த இடத்தில் பற்றாக்குறை வருவது புதினமில்லை. கால் விறைப்பு எல்லாம் சீனியால்தான் என்று விட்டுவிடாமல் உங்கள் டொக்டர் பீ12 ஐ யோசித்திருக்கிறார், நல்ல டொக்டர். மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறோம். இரவிரவாகப் பம்பில் டெஸ்பெரால் ஊசி. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, சிறுநீரகம் பழுதாகிறதோ என்று பயம்.
– ஒரு தகப்பன், கிளிநொச்சி

பழுது அல்ல, அதுதான் நீங்கள் காசும் தூக்கமும் செலவழித்துப் பெறுகிற பலன். அந்த நிறம் வெளியே போகிற இரும்பு. ஒரு பை இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது, உடம்பு தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் படியும். டெஸ்பெரால் என்பது மண்ணில் வாழ்கிற ஒரு பற்றீரியா தனக்கு இரும்பு பிடிக்கச் செய்துவைத்த சேர்வையிலிருந்து எடுத்தது. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு, ஆறு ஒட்சிசனால் ஓர் இரும்பைச் சுற்றிக்கொள்ளும். வயிற்றால் கொடுத்தால் உறிஞ்சாது, இரத்தத்திலும் கனநேரம் நிற்காது. அதனால்தான் மெல்ல மெல்ல இரவு முழுக்க.

இப்போது வாயால் குடிக்கிற மருந்துகளும் உண்டு. டெபெராசிரொக்ஸ் என்றால் இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஓர் இரும்பைப் பிடிக்கும், டெபெரிப்ரோன் என்றால் மூன்று. எந்தக் கணக்கிலும் இரும்புக்கு ஆறு பிடி வந்துவிடும். மகனுக்கு எது பொருந்தும் என்பது ஈரல், சிறுநீரகம், வெண்குருதிக் கலங்களின் அளவைப் பார்த்து எடுக்கிற முடிவு, கிளினிக்கில் கேளுங்கள். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் அன்றைக்குப் பம்பைப் போடமுன் டொக்டரிடம் கதையுங்கள். இந்த மருந்து பிடித்த இரும்பைத் தின்று வளர்கிற கிருமிகளும் உண்டு.

எலிக்காய்ச்சலுக்கு முன்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை தந்தார்கள். பால் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு வயலுக்கு இறங்கலாமா?
– கமக்காரர், தென்மராட்சி

வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள், ஒரு கிளாஸ் நிறைய. பாலில் உள்ள கல்சியத்தை இந்த மருந்தும் பிடிக்கும், பிடித்த அளவுக்கு உறிஞ்சுவது குறையும். இந்த வகை மருந்துகளில் டொக்சிசைக்கிளினுக்கு அந்தக் குணம் குறைவுதான். ஆனாலும் வயிற்றெரிவுக்குக் குடிக்கிற அலுமினியம், மக்னீசியம் மருந்தோடும் இரும்புக் குளிசையோடும் சேர்த்தால் நன்றாகவே கெடும். விழுங்கிவிட்டு உடனே சரியாதீர்கள், தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். இதே கல்சியப் பிடியால்தான் வளர்கிற பற்களில் படிந்து மஞ்சளாக்கும். உங்களுக்குத் தந்ததைச் சின்னப்பிள்ளைக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டாம்.

செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் எல்லா வருத்தத்தையும் மாற்றும் என்று வட்ஸ்அப்பில் வந்தது.
– வாசகி, கொக்குவில்

எல்லா வருத்தத்தையும் மாற்றுவது ஒன்றுமில்லை. செப்புப் பாத்திரத்தில் ஓர் இரவு நின்ற தண்ணீரில் சில கிருமிகள் சாவது உண்மை. அதற்குள் தேசிக்காய்ப் புளி, மோர், ரசம் வைக்காதீர்கள், செப்பு கரைந்து வயிற்றைக் குமட்டும். பித்தளைச் சட்டிக்குள் வெள்ளீயம் பூசியது இதற்காகத்தான். வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது. அதில் செப்பை வெளியேற்ற முடியாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கும். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வரவேண்டிய பரம்பரை நோய் என்பதால் சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் வாய்ப்புக் கூடுதல். 1956 இல் ஜோன் வோல்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் பெனிசிலமீனை அறிமுகப்படுத்தியபிறகுதான் அதற்கு வாயால் குடிக்கிற வைத்தியம் கிடைத்தது. அந்த மருந்தும் கந்தகத்தால் செப்பைப் பிடித்துச் சிறுநீரில் தள்ளுகிறது. அந்த நோய் உள்ளவருக்குச் செப்புக் குடத்துத் தண்ணீர் விஷம்.

அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கையில் ஊசி போட்டும் எடுப்போம், அதற்கு முதல் கிரியற்றினின் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மூளையைப் படம் எடுக்கச் சிறுநீரகத்தை ஏன் சோதிக்கிறார்கள்?
– மகள், மானிப்பாய்

ஊசியில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். ஏழு தனி இலத்திரன்கள் உள்ள அயன், பக்கத்தில் நிற்கிற தண்ணீரின் காந்தக் குணத்தை மாற்றி அந்த இடத்தைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும். தனியே விட்டால் அது நஞ்சு. கல்சியத்தின் அளவே இருப்பதால் கல்சியத்தின் இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே ஈ.டி.ரி.ஏ.யின் சொந்தக்காரரான ஒரு மூலக்கூற்றுக்குள் அதைப் பூட்டித்தான் ஏற்றுகிறார்கள். நல்ல சிறுநீரகம் என்றால் பூட்டு உடையமுன் ஒன்றிரண்டு நாளில் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் பழுதானவரில் அது கனநாள் சுற்றித் திரியும், பூட்டு இளகும். அப்படிப்பட்ட சிலருக்குத் தோல் தடித்து மூட்டுகள் மடங்காமல் போவதற்கு இதுதான் காரணம் என்று 2006 இல் தெரியவந்தது. சங்கிலி வடிவப் பூட்டைவிட வளைய வடிவப் பூட்டு இறுக்கம். இப்போது பல இடங்களில் அதையே விரும்பிப் பாவிக்கிறார்கள்.

கிரியற்றினின் துண்டு பழையதாக இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஸ்கானுக்குக் கிட்டிய நாளில் எடுத்ததையே கொண்டுபோங்கள். அப்பாவுக்கு முன்பு எப்போதாவது இந்த ஊசி போட்டிருந்தால் அந்தப் பழைய றிப்போட்டையும் சேர்த்து வையுங்கள், எந்த மருந்து என்று அதில் எழுதியிருக்கும்.